கொசு கடித்துக் கப்பல் மூழ்கியது

ரஷ்ய மொழியில் 'கொமார்' என்றால் கொசு. சோவியத் நாட்டின் ஏவுகணைப் படகு வகை ஒன்றுக்கு மேலை நாட்டார் வைத்த குறிப்புப் பெயர் அது. ஏளனமாக வைத்தார்களோ என்னவோ, 1967 அக்டோபர் 21ஆம் நாளுக்குப் பின் எவரும் அதனை ஏளனமாய் நோக்கவில்லை.

புதிதாக ஒரு கப்பலை வடிக்காமல், ஏற்கெனவே இருந்த டார்பிடோ படகின் மர உடலிலேயே இரண்டு ஏவுகணைக் கூண்டுகளைப் பொருத்தி, 1950களின் இறுதியில் இவ்வகையை உருவாக்கினர். நீளம் 25 மீட்டர். எடை 70 டன்னுக்கும் குறைவு. கூண்டுக்கு ஒன்றாக இருக்கும் பி-15 ஏவுகணையோ இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளது. பார்வைக்குச் சிறு விமானமே. படகின் ராடார் இலக்கைக் கண்டதும் ஏவப்பட்டு, கடல்மேல் தாழப் பறந்து, நெருங்கியபின் தனது ராடாராலேயே கப்பலைத் தேடிப் பாயும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் எட்டும். எகிப்து, சிரியா, அல்ஜீரியா, இந்தோனேசியா, கியூபா ஆகிய நாடுகள் இப்படகுகளைப் பெற்றன.

1967 ஜூன் போரில் ஸினாயை இழந்து எகிப்து மனமொடிந்திருந்த வேளை. இஸ்ரேலின் 'எய்லாத்' என்னும் நாசகாரிக் கப்பல் போர்ட் செய்த் துறைமுகத்துக்கு அப்பால் சுற்றி வந்தது. பிரிட்டன் 1944இல் கட்டிய கப்பல் அது. 1956 போரில் எகிப்தின் 'இப்ராஹீம் அல் அவ்வல்' கப்பலைச் சிறைப்பிடித்ததில் அதற்கும் பங்குண்டு. ஜூலையில் எகிப்தின் இரு டார்பிடோ படகுகளையும் மூழ்கடித்திருந்தது. கணக்குத் தீர்க்க வேண்டிய கப்பல்தான்!

அக்டோபர் 21 மாலை, கொமார் படகுகள் துறைமுகத்தை விட்டு வெளிவராமலேயே ஏவுகணைகளை ஏவின. முதல் இரண்டும் அடுத்தடுத்துத் தாக்கிக் கப்பலைச் செயலிழக்கச் செய்தன. பின்னர் மீண்டும் ஏவப்பட்டவற்றால் அது மூழ்கியது. கப்பலிலிருந்து ஏவிய ஏவுகணையால் போர்க்கப்பல் ஒன்று மூழ்கியது உலக வரலாற்றில் அதுவே முதன்முறை. கப்பல் தன் கடல் எல்லைக்குள் நுழைந்தது என்றது எகிப்து, இஸ்ரேல் மறுத்தது. மாண்டவர் 47 பேர். வெற்றிச் செய்தியின் ஆரவாரத்தில் அந்த எண்ணை விரைந்து கடந்துவிட நமக்கு மனம் வரவில்லை. மூன்றே நாளில் இஸ்ரேலிய பீரங்கிகள் சூயஸ் நகர எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை எரித்தன. தொடர்ந்த மோதல்களில் கால்வாய்க் கரை மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலைத் துறந்து உள்நாட்டுக்குப் பெயர்ந்தனர். கொசுவின் கடிக்கு விலை கொடுத்தோருள் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

எகிப்தில் அக்டோபர் 21 கடற்படை நாளாயிற்று. ஆனால் படகின் பெருமை நெடுநாள் நிற்கவில்லை. 1973 அக்டோபரில் சிரியாவின் லத்தாகியா துறைமுகத்துக்கு வெளியே, இஸ்ரேலியப் படகுகள் மின்னணு அலைகளாலும் உலோகப் பூச்சிட்ட இழைகளைத் தூவியும் ஏவுகணைகளின் கண்ணைக் கட்டின. சிரியா இரண்டு கொமார் படகுகளை இழந்தது. ஏவுகணையின் தூரம் மட்டும் போதாது, எதிரியின் சூழ்ச்சியை அறியும் கருவியும் வேண்டும் என்பது கடும் விலைக்குக் கற்ற பாடம். 1970களின் நடுவில் எகிப்து அதே உடலமைப்பைத் தழுவி அலெக்ஸாந்திரியாவில் ஆறு படகுகளைத் தானே கட்டிற்று. ஏவுகணைகளை ஐரோப்பாவிலிருந்து வாங்கிப் பொருத்தியது. அவ்வகைக்கு அது இட்ட பெயர் 'அக்டோபர்'.