புதைகுழி எலும்புகளும் தொல்மக்கள் பெயர்ச்சியும்

ஹைதராபாத் நகரின் மேற்குப் புறத்தே உள்ள கொண்டாப்பூரை அடுத்து, ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் பெருங்கற்காலப் புதைகுழிகள் அகழ்ந்து ஆராயப்பட்டுள்ளன. இத்தகைய குழிகளில் அடக்கம் செய்யப்பட்டோர் யாவர்? அவர்தம் முன்னோர் எங்கிருந்து வந்தனர்? மட்கலமும் இரும்புக் கருவியும் வாழ்க்கை முறையை உணர்த்தும். ஆனால் அவை வாணிகத்தாலும் கைமாறக்கூடியவை. குருதி உறவை அறிவிக்க வல்லது எலும்பே.

எலும்பின் அணுக்களில் டி.என்.ஏ. எனும் மரபுப்பொருள் உள்ளது. பெற்றோரிடமிருந்து மக்களுக்கு வழிவழியாக வருவது அது. இறந்தபின் அது சிறு துண்டுகளாகச் சிதைகிறது. குளிர் அச்சிதைவைத் தாமதப்படுத்தும். வெப்பமும் ஈரமும் விரைவுபடுத்தும். உட்செவியைச் சூழ்ந்துள்ள எலும்பு மிகவும் செறிவானதாகையால், அதில் மரபுப்பொருள் நெடுங்காலம் எஞ்சி நிற்கிறது.

குளிர்ந்த ஐரோப்பாவில் இவ்வாராய்ச்சி விரைந்து முன்னேறியது. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே பரந்துள்ள ஸ்டெப்பிப் புல்வெளியில், ஏறத்தாழ கி.மு. 3300 முதல் யம்னயா மக்கள் கால்நடை மேய்த்து வாழ்ந்தனர். இறந்தோரைக் குழியில் இட்டு மேலே மண்மேடு எழுப்பியமையால், குழி எனப் பொருள்படும் சொல்லே அவர்களுக்குப் பெயராயிற்று. ஜெர்மனியில் அவர்களுக்குப் பின் வாழ்ந்த, கயிற்றுப் பதிவுள்ள மட்கலம் வனைந்த மக்களின் மரபில் நான்கில் மூன்று பங்கு புல்வெளியிலிருந்து வந்ததென 2015-இல் தெரியவந்தது. வேட்டையாடிய பழங்குடியினர், அனடோலியாவிலிருந்து வந்த உழவர், புல்வெளி மேய்ப்பர் ஆகிய மூவகையினரின் கலப்பே இன்றைய ஐரோப்பியருட் பெரும்பாலோர்.

இந்தியாவில் முதலில் வாழ்வோரின் குருதியே ஆராயப்பட்டது. ஹைதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் அமெரிக்க அறிஞர்களுடன் இணைந்து, இந்தியரிற் பெரும்பாலோர் இரு தொன்மையான மரபுகளின் கலப்பால் தோன்றியவர் என்று 2009-இல் காட்டினர். மத்திய ஆசியாவையும் தெற்கு ஆசியாவையும் சேர்ந்த 523 தொல்மாந்தரின் மரபுப்பொருள் 2019-இல் வெளியிடப்பட்டது. புல்வெளி மரபு கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் இங்கு வந்து கலந்தது என்பது அதனால் புலனாயிற்று. அவ்வாண்டே வெளியான மற்றோர் ஆய்வில், ஹரியானாவின் ராக்கிகடியில் வாழ்ந்த சிந்துவெளிக் காலப் பெண்ணொருத்தியிடம் அம்மரபு காணப்படவில்லை. அங்குச் சோதித்த 61 மாதிரிகளுள் பயன் தந்தது அவளுடைய எலும்பு ஒன்றே.

தக்காணத்தின் வெப்பத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஆகையால் களப்பணியாளர், கிணறோ சாலையோ வெட்டுமிடத்தில் பழங்குழி தென்பட்டால் வேலையை நிறுத்தித் தொல்லியல் துறைக்கு அறிவித்தல் வேண்டும். எலும்பை வெறுங்கையால் தொடுதல், நீரால் கழுவுதல், பசை பூசுதல், வெயிலில் உலர்த்துதல் ஆகியவை கூடா. தொட்டவரின் மரபுப்பொருள் பழையதனோடு கலந்து முடிவையே திரித்துவிடும்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு மூன்றைப் பிரித்துக் காட்டுதல் நலம்: மொழி வேறு, பண்பாடு வேறு, குருதி மரபு வேறு. மூன்றும் சில வேளைகளில் ஒருங்கே பெயரும். பல வேளைகளில் தனித்தனியே பெயரும். புல்வெளியிலும் சரி, தக்காணத்திலும் சரி, கலப்பற்ற தூய இனம் என்பதற்கு எலும்புகள் சான்று பகரவில்லை.