நெஞ்சில் கட்டும் நீர்

ரத்தோட்டை, எல்கடுவ பக்கத் தோட்டங்களில் விலாவில் குத்தினால் வாய்வு என்று எண்ணெய் தடவிக்கொள்கிறோம். மலையேறும்போது மூச்சு வாங்கினால் வயதின்மேல் பழி போடுகிறோம். சிலருக்கு அது சுவாசப்பையைச் சுற்றிக் கட்டிய நீராக இருக்கலாம்.

சுவாசப்பையை மூடிய இரட்டைச் சவ்வுக்கு நடுவே, அது வழுக்கி அசைய, இரண்டொரு தேக்கரண்டி நீர் எப்போதும் உண்டு. காசநோய், நியூமோனியா, புற்றுநோய், இருதயப் பலவீனம் போன்றவற்றால் அது பெருகுகிறது.

டாக்டர் முதுகில் விரலால் தட்டுவார். நீருள்ள இடம் மந்தமாக ஒலிக்கும். 1761இல் இம்முறையை எழுதிவைத்த ஆஸ்திரிய வைத்தியர் அவுன்புருக்கர் விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி அளவறியும் பழக்கத்திலிருந்து வந்த யோசனை என்பார்கள்! நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிய ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் சேரவேண்டும். ஸ்கேன் அதைவிடக் குறைவையும் காட்டும்.

காரணத்தை அறியப் பெரும்பாலும் அந்த நீரையே சோதிக்கவேண்டும். இடத்தை மரக்கச் செய்து, விலா எலும்புகளுக்கிடையே ஊசியேற்றி எடுப்பார்கள். ஊசிக்குப் பயந்து வீடு திரும்பினால் நோய் பிடிபடாமலே போகும்.

"சளியில் கிருமியில்லை" என்றதும் காசநோய் இல்லையென்று நாமே முடிவுகட்டக் கூடாது. சவ்வில் வரும் காசநோயில் கிருமி பலருக்குச் சளியில் அகப்படாது. மாத்தளை மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம். வழக்கமாக ஆறு மாதம். மூச்சு இலேசாவது அதற்கு வெகு முன்பே.