தேநீர் இடைவேளையில் நடக்கும் மாநாடு

ஜாசினிலோ மெர்லிமாவிலோ இருக்கும் ஒருவர், "சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோலாலம்பூரில் தொழில்நுட்ப மாநாடு, போய் வருகிறேன்" என்று வீட்டில் சொன்னால், "எல்லாம்தான் கைப்பேசியிலேயே வருகிறதே, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பஸ் செலவு, தங்கும் செலவு, வாரத்தில் கிடைக்கும் ஓய்வு எல்லாமே போகிறது. உரைகளைப் பிறகு காணொளியிலும் பார்த்துக்கொள்ளலாம். இருந்தும் வலைப்பதிவர்களும் கணினித் துறையினரும் இன்னமும் நேரில் கூடுகிறார்கள். ஏன் என்பதற்கு ஆய்வுகள் பதில் வைத்திருக்கின்றன.

50 மீட்டர் தூரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன், 1970களில் பொறியாளர்கள் யாரோடு தொழில் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். இருவரின் மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட, அவர்கள் பேசிக்கொள்ளும் வாய்ப்பு மளமளவென்று சரிந்தது. ஏறக்குறைய 50 மீட்டரைத் தாண்டினால், ஒரே கட்டடத்தில் இருந்தாலும் வேறு ஊரில் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை 'ஆலன் வளைகோடு' என்கிறார்கள். மின்னஞ்சலும் தொலைபேசியும் பெருகிய பிறகும் நிலைமை தலைகீழாகிவிடவில்லை. நேரில் அடிக்கடி பார்ப்பவர்களோடுதான் நாம் தொலைபேசியிலும் அதிகம் பேசுகிறோம் என்பதையே ஆலன் பின்னாளிலும் எடுத்துக்காட்டினார்.

அரைகுறை அறிமுகத்தின் பலம்

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் தகவல் பெற்றவர்கள் 16.7 விழுக்காடுதான். 55.6 விழுக்காட்டினர் எப்போதாவது பார்ப்பவர் மூலமும், 27.8 விழுக்காட்டினர் அரிதாகப் பார்ப்பவர் மூலமும் தகவல் பெற்றிருந்தார்கள். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதிய செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டான் சாய் யான் 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன் பிறகு உருவான தோட்டங்களில் லயத்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். உதவி என்றால் ஓடிவர ஆள் உண்டு. ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது ஒரே செய்திதான். வெளி உலகத் தகவல், திருவிழாவுக்கு வரும் பக்கத்துத் தோட்டத்து உறவினரோடுதான் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் சிதறின. அந்தத் திருவிழாக் கூட்டம் செய்துவந்த வேலையைத்தான், தொழில் தெரிந்தவர்களுக்கு, வார இறுதி மாநாடு செய்கிறது.

எழுத்துகள் ஒன்றுகூடிய கதை

நேரில் கூடியதால் தமிழுக்குக் கிடைத்த பலனுக்கு நல்ல சான்று தமிழ் இணைய மாநாடுகள். கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. அன்றைய 8 பிட் முறையில் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போய்விடும். மீதி 128இல் தமிழின் 247 எழுத்துகளை எப்படி அடக்குவது? கொம்பு, கால், விசிறி என்று துண்டுகளாக்கி, ஒவ்வொரு எழுத்துரு உருவாக்குநரும் தமக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தார். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாகக் கொட்டியது.

1997இல் சிங்கப்பூரில் இதைப் பேச முதல் மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து 'தமிழ்99' விசைப்பலகையையும் 'தாம்', 'தாப்' குறியாக்கங்களையும் தமிழ்நாடு அரசு ஏற்றது. வெளிநாட்டுத் தமிழர்களிடம் 'திஸ்கி' என்ற வேறொரு குறியாக்கம் பரவியிருந்ததால் சிக்கல் அத்தோடு தீரவில்லை. 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது, நாடுகளைக் கடந்து இதைத் தொடர்ந்து கவனிக்க 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. மறு ஆண்டு, 2001 ஆகஸ்டில், மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. 2013இல் மறுபடியும் இங்கே நடந்தது. இந்தப் பயணத்தில் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கிய மலேசியரான முத்து நெடுமாறனுக்கு முக்கியப் பங்கு உண்டு. இன்று யூனிகோட் முறையில் 'கி' என்பது எங்கு தட்டினாலும் 'க' என்ற எண்ணும் இகரக் குறியின் எண்ணும் சேர்ந்ததுதான். சென்னையில் எழுதியது மச்சாப்பில் அப்படியே தெரிகிறது.

காபி நேரமே மாநாடு

1983இல் ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் ஓராண்டு உழைத்து ஒரு பன்னாட்டு மாநாட்டை நடத்தினார். முடிந்ததும், மிகவும் பயன்பட்டது காபி இடைவேளைதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அப்படியானால் மாநாட்டையே காபி நேரம் போல நடத்தினால் என்ன என்று 1985இல் புதுமுறை ஒன்றைத் தொடங்கினார். நிகழ்ச்சி நிரலை வந்தவர்களே அன்று காலையில் எழுதுவார்கள். கற்கவோ கற்பிக்கவோ எதுவும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம், எழுந்து அடுத்த கூட்டத்துக்குப் போகலாம். இதற்கு 'இரண்டு கால் விதி' என்று பெயர்.

கணினித் துறையில் இதே போக்கில் 2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் முதல் 'பார்கேம்ப்' நடந்தது. 2006 செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறில் சென்னை டைடல் பார்க்கில் 'பிளாக்கேம்ப்' கூடியது. 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. புதியவர்கள் கணினி முன் உட்கார்ந்து, தெரிந்தவரிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

மலாக்காவிலிருந்து யார் போகிறார்கள்?

இப்போது மேசைக்கு வந்திருப்பது பேச்சு. தமிழைக் காதால் கேட்டு எழுத்தாக்கும் கருவிகள், கொடுக்கப்பட்ட ஒலிப்பதிவுகளிலிருந்துதான் கற்கின்றன. அதில் சென்னைப் பேச்சு மட்டும் இருந்தால், "பசியாறிட்டியா?" என்று கேட்கும் நம் வீட்டுப் பாட்டியின் பேச்சில் கருவி தடுமாறும். பெரட்டு, தீம்பார் போன்ற சொற்கள் அதற்குத் தெரியவே தெரியாது. அந்தச் சொற்களை வைத்திருப்பவர்கள் கூட்டத்தில் இல்லையென்றால், எடுத்துச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

இதற்கு எப்போதும் கோலாலம்பூருக்கே போக வேண்டியதில்லை. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. டுரியான் துங்காலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபமும் ஒரு வெண்பலகையும் இருந்தாலே சிறு சந்திப்பு நடத்தலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டாம். நீங்கள் செய்த ஏதாவது ஒன்றை, அரைகுறையாக இருந்தாலும், காட்டுவதற்கு எடுத்துச் செல்லுங்கள். புதிதாக மூன்று பேரிடமாவது பேசுங்கள். திரும்பிய ஒரு வாரத்துக்குள் அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் பள்ளிப் பிள்ளை ஒன்றையும் கூட அழைத்துப் போங்கள். மேடையில் பேசுபவரை அந்தப் பிள்ளை மறந்துவிடலாம். சாப்பாட்டு வரிசையில் தன் கேள்விக்கு நின்று பதில் சொன்னவரை மறக்காது.