நாயின் ரத்தத்தில் இரண்டு எதிரிகள்

சென்னையில் ஆங்கிலேயர்கள் நடத்திய ‘மெட்ராஸ் ஹண்ட்’ குழுவின் வேட்டை நாய்களுடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார் டபிள்யூ. எஸ். பேட்டன். சிவப்பணுக்களுக்குள் மோதிர வடிவில் ஒட்டுண்ணிகள் குடியிருந்தன. உள்ளூர் நரியின் ரத்தத்திலும் அதே உயிரி. 1910இல் அவர் வெளியிட்ட அந்தக் குறிப்புதான் இன்று உலகெங்கும் ‘பபேசியா கிப்சோனி’ எனப்படும் கிருமியின் முதல் பதிவு.

கிருமி இன்னும் தமிழ்நாட்டைவிட்டுப் போகவில்லை. ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் கரையோரத்தில் குளிர்காலம் என்று சொல்ல ஒன்றுமில்லாததால், அதைப் பரப்பும் உண்ணிக்கு ஆண்டு முழுக்கக் கொண்டாட்டம். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு உதிர்ந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவிட்டால் பலனில்லை. கிப்சோனிக்கு உண்ணிகூடக் கட்டாயமில்லை. தெருச்சண்டையில் பட்ட கடிவாய் வழியாகவும் பரவும்.

கிருமி தொற்றிய நாய்க்கு ஈறு வெளுக்கும். காய்ச்சல் வரும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். ‘காமாலை’ என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் இங்கே கோளாறு கல்லீரலில் தொடங்குவதில்லை. உடைந்து கொட்டும் சிவப்பணுக்களின் நிறமிதான் அந்த மஞ்சள்.

உடைப்பது யார் என்பதுதான் சிக்கல். கிருமி சில அணுக்களை உடைக்கும். அதைத் துரத்தும் எதிர்ப்புப் புரதங்களோ கிருமி நுழையாத அணுக்கள்மீதும் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரல் அவற்றையும் விழுங்கிவிடும். சொந்தக் காவல்படையே வீட்டைக் கொளுத்தும் கதை. காக்கர் ஸ்பானியல் போன்ற சில இனங்களில் கிருமியே இல்லாமலும் இது நடக்கும்.

மருத்துவர் ஒரு சொட்டு ரத்தத்தை உப்புநீருடன் கண்ணாடித் தகட்டில் கலந்து பார்ப்பார். உப்புநீரிலும் அணுக்கள் பிரியாமல் மணல்மணலாகத் திரண்டே கிடந்தால், எதிர்ப்புப் புரதத்தின் வேலை என்று சந்தேகிக்கலாம். காது நுனியில் எடுத்த ரத்தத்துளியில் கிருமியையும் தேடுவார். கண்ணில் படாவிட்டால் பிசிஆர் பரிசோதனை.

இந்தத் தேடலில் அவசரம் கூடாது. கிருமி இல்லாமல் எதிர்ப்புப் புரதத்தால் மட்டும் அணுக்கள் உடைந்து வரும் சோகைக்கு பிரெட்னிசோலோன்தான் முதல் மருந்து. கிருமி இருக்கும்போது அதை மட்டும் கொடுத்தால், தற்காப்பு அடங்கி கிருமி பெருகலாம். கிப்சோனிக்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தருகிறார்கள். முன்னது மனிதர்களின் மலேரியா மருந்து; மலேரியாவை நன்றாக அறிந்த ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

ரத்தம் மிகவும் குறைந்துவிட்டால் இன்னொரு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். முதல் முறை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அடுத்த முறை பொருத்தம் பார்க்காமல் ஏற்றினால், புதிய ரத்தமும் உடைந்துபோகலாம்.