ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைப் பொடி கேட்டால் இரண்டு அளவுகளில் பாக்கெட் கிடைக்கும். இருபது கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது ஒரு லிட்டர் தண்ணீருக்கு. நாலு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது 200 மில்லிக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்ட பதற்றத்தில் பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிவிட்டால், ஐந்து மடங்கு செறிவான உப்பு அந்தப் பிஞ்சு உடம்புக்குள் போகிறது. ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரைக்கும் போகலாம். எவ்வளவு தண்ணீர் என்பது பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். பிரிப்பதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

கொல்கத்தாக் கோடைக்கு இந்தப் பாக்கெட் மிக அவசியம். 2024 ஏப்ரல் 30 அன்று அலிப்பூர் வானிலை நிலையத்தில் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1954-க்குப் பிறகு ஏப்ரல் மாதத்தில் இந்த நகரம் அப்படியொரு சூட்டைப் பார்த்ததில்லை. அந்த ஆண்டு மேற்கு வங்க அரசு பள்ளிகளின் கோடை விடுமுறையை ஏப்ரல் 22-க்கே முன்னுக்கு இழுத்தது. சூட்டைவிடப் பொல்லாதது இங்குள்ள புழுக்கம். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் வழிந்தோடுகிறது. உடம்பு குளிராமலே நீரையும் உப்பையும் இழக்கிறது. இதே ஏப்ரல் முதல் ஜூன் வரையான மாதங்களில்தான் வயிற்றுப்போக்கும் கூடுகிறது.

இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரின் வரலாற்றில் பெரும்பகுதி நடந்ததும் இதே நகரத்தில்தான். 1953-இலேயே ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற கொல்கத்தா மருத்துவர், 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாக நீர் கொடுத்துக் குணப்படுத்தியதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். அப்போது உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1971-இல் வங்கதேசப் போருக்குத் தப்பி ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பொங்காவில் காலரா பரவியது. அங்கே போனவர் குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். மருத்துவமனையின் இரண்டு அறைகளிலும் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஊசி போட வேண்டுமானால் அவர்களுடைய மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்தது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. இரண்டே நாளில், இப்படிப் போனால் தோற்றுவிடுவோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

வாய்வழியாகவே நீர் கொடுப்பதென்று அவர் முடிவு செய்ய, கொல்கத்தாவில் அவர் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தின் நூலக அறை பொட்டலம் கட்டும் கூடமாக மாறியது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. எடை போட்டு, பாலித்தீன் பையில் அடைத்து, இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை ஒட்டினார்கள். முகாமில் குழாய் வைத்த பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். தாய்மாரும் உறவினரும் குவளையில் பிடித்துப் போய் நோயாளிக்குப் புகட்டினார்கள். ‘சலைன்’ என்றால் பாட்டிலில் ஏற்றுவது என்றுதான் மக்களுக்குத் தெரியும். அதனால் இதை ‘வாயால் குடிக்கும் சலைன்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் நம்பிக் குடித்தார்கள். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது வரை இருந்த காலராச் சாவு, இந்த முறையில் 3.6 ஆகக் குறைந்தது. 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் மஹலனாபிஸ் காலமானார். மறுஆண்டு பத்ம விபூஷண் வந்தது. இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டிய விருது.

சாதாரணத் தண்ணீர் செய்யாததை இது எப்படிச் செய்கிறது? சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக மட்டுமே நுழையும் ஒரு வாசல் இருக்கிறது. காலராக் கிருமியால்கூட அதை அடைக்க முடிவதில்லை. இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். ஆனால் விகிதம் முக்கியம். சர்க்கரை மிஞ்சினால் குடல் உடம்பிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும், பேதி அதிகமாகும். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தது. இன்றைய பாக்கெட்டில் லிட்டருக்கு 13.5 கிராம்தான் குளுக்கோஸ்.

பெற்றோர் ஏமாறக்கூடிய இடமும் இதுதான். பழச்சாறு மாதிரி அட்டைப் பெட்டியில், ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற மூன்று எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, பல மடங்கு சர்க்கரையோடு பானங்கள் விற்கப்பட்டு வந்தன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த மூன்று எழுத்தை இத்தகைய பானங்களின் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே கடையில் பொடியாகக் கேட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே நல்லது.

பாக்கெட் கையில் இல்லாத இரவில் வீட்டிலேயே கலக்கலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாக்கில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. எந்தக் கரைசலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போனதும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக மறுபடி தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

வெறும் வெயில் களைப்புக்கு எல்லாரும் ஓ.ஆர்.எஸ். குடிக்க வேண்டியதில்லை. வங்காளி வீடுகளில் மாங்காயைத் தணலில் சுட்டு, சதையைப் பிசைந்து, கறுப்பு உப்பும் வறுத்த சீரகமும் சேர்த்து ‘ஆம் போரா ஷொர்போத்’ கலக்குகிறார்கள். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் நீர்மோர் இருக்கிறது. வங்காளிகளின் பாந்தா பாத்தும் நம் பழைய சோறும் ஒன்றுதான். மணிக்கணக்கில் வெயிலில் நின்று தசை பிடித்துக்கொண்டாலோ தலை சுற்றினாலோ ஓ.ஆர்.எஸ். உதவும். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சு குழறுகிறது, ஆள் தெரியவில்லை, உடம்பு 104 டிகிரி ஃபாரன்ஹீட் கொதிக்கிறது என்றால் அது வெப்பவாதம். அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சடைக்கும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத் துணியில் சுற்றிய ஐஸை வைக்க வேண்டும். வண்டி வந்து சேரும்வரை விசிறுவதை நிறுத்தக் கூடாது.