தையற்காரர் மகனின் மூன்று மோகங்கள்

லண்டன் மாநகரத்தில் ஃபிளீட் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் தையல் தொழில் செய்துவந்த குடும்பத்தில் 1633-ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பீப்ஸ், பிற்காலத்தில் இங்கிலாந்தின் கடற்படை நிர்வாகத்தைச் சீர்படுத்திய பெரிய உத்தியோகஸ்தராக விளங்கினார் என்பது உண்மையே. ஆயினும் அந்த உத்தியோகப் பிரதாபத்துக்காக இன்று அவரை யாரும் தேடிப் படிப்பதில்லை. 1660 ஜனவரி முதல் தேதி, தமது 26-ஆம் வயதில், சுருக்கெழுத்தில் எழுதத் தொடங்கி, கண்பார்வை போய்விடுமோ என்ற பயத்தால் 1669 மே மாதக் கடைசியில் அவர் நிறுத்திவிட்ட நாட்குறிப்புத்தான் அவருக்குச் சிரஞ்சீவிப் பட்டம் வாங்கிக் கொடுத்தது. அந்த நாட்குறிப்பில் ராஜாங்க விவகாரங்களுக்குச் சமமாகவும், சில நாட்களில் அவற்றையும் முந்திக்கொண்டும் வந்து நிற்பவை மூன்று: உடுப்பு, சங்கீதம், சரித்திரம்.

தையற்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் துணியின் தராதரம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதை வாங்கி உடுத்தும் வசதிதான் தாமதித்து வந்தது. கடற்படை வாரியத்தில் பதவி கிட்டும் தறுவாயில், 1660 ஜூலையில், தங்கப் பொத்தான் வைத்த மேலங்கியும் பட்டு உடுப்பும் தைத்து வாங்கிக்கொண்டு, அவற்றுக்குப் பணம் கட்டும் சக்தியைக் கடவுள்தான் அருளவேண்டும் என்று பிரார்த்தித்து வைத்தார். பதவிக்கு ஆண்டுச் சம்பளம் 350 பவுன். மூன்று வருஷம் கழித்து, 1663 அக்டோபர் முடிவில் கணக்குப் பார்த்தபோது, தம்முடைய உடுப்புகளுக்கு மட்டும் 55 பவுனும் மனைவியின் உடுப்புகளுக்கு 12 பவுனும் போயிருக்கக் கண்டு மிகவும் வருந்தினார். மனைவியைவிட நான்கு பங்குக்கு மேல் தமக்காகச் செலவழித்த அந்த விகிதத்தைப் பற்றி மட்டும் அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

அந்தச் செலவில் இரண்டு டோப்பாக்களும் அடக்கம். பிரான்ஸ் தேசத்து மோஸ்தரைப் பின்பற்றி லண்டன் கனவான்கள் சொந்த மயிரைக் கத்தரித்துவிட்டுப் பிறர் மயிரைத் தலையில் சூடத் தொடங்கியிருந்த காலம் அது. நவம்பர் 8-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, புது டோப்பாவுடன் மாதாகோவிலுக்குள் நுழையும்போது சபை முழுவதும் தம்மையே உற்றுப் பார்க்கும் என்று கூசிக்கொண்டு போனவர், ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்காததைக் கண்டு ஆறுதல் கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கொள்ளைநோய் நகரத்தைச் சூறையாடியபோது, செத்தவர்களின் தலையிலிருந்து எடுத்த மயிராக இருந்தால் என்ன செய்வது என்று அஞ்சி இனி யார்தான் டோப்பா வாங்குவார்கள், இந்த மோஸ்தரின் கதி என்னவாகும் என்று அவர் யோசித்துப் பார்க்கிறார். அற்ப விஷயந்தான்; ஆனால் ஒரு பெரும் பீதி எப்படி ஒரு கடைவீதிக்குள் நுழைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ராஜாங்கப் பத்திரம் எதுவும் இருக்கமுடியாது.

இந்தியச் சரக்கும் அந்த வீட்டுக்குள் புகுந்துவிட்டது. 1639-இல் துணி வியாபாரத்தை முன்னிட்டே சென்னையில் கால் ஊன்றியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டுச் சீட்டித் துணிகளை லண்டனுக்கு ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில், பீப்ஸ் தம் மனைவியின் அறைச் சுவர்களை அலங்கரிக்க வண்ணம் எழுதிய இந்தியத் துணி வாங்கினார். 1666-இல் ஜான் ஹேல்ஸ் என்ற சித்திரக்காரர் அவரைப் படமெழுதியபோது போட்டுக்கொண்டிருந்ததும் ஓர் இந்திய அங்கியே; அது வாடகைக்கு எடுத்தது. படத்தில் அவர் கையிலிருக்கும் காகிதமோ சொந்த ஆஸ்தி: தாமே மெட்டமைத்த ஒரு பாட்டின் ஸ்வரப் பிரதி. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடி உட்காரச் சொன்னதில் கழுத்தே ஒடிந்துவிடும்போலிருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டாலும், அந்தக் காகிதத்தைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

சங்கீதத்தில் அவர் வித்வானல்லர். வித்வத்தை வெகுவாக விரும்பிய ரசிகர். லூட், வயோல், சிறுகுழல் எல்லாவற்றிலும் கை வைத்தார். எத்தனை அவசர ஜோலி இருந்தாலும் சங்கீதத்துக்கும் பெண்களுக்கும் முன்னால் தாம் தோற்றுப்போவதாக ஒப்புக்கொண்டார். (இரண்டாவதில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் படிக்கும் எவரும் அவரை உத்தம புருஷர் என்று கொண்டாட முடியாது.) 1668 பிப்ரவரியில் ஒரு நாடகத்தில், தேவதை இறங்கிவரும் கட்டத்தில் ஒலித்த குழலிசையைக் கேட்டு, மனைவியைக் காதலித்த காலத்தில் அனுபவித்த நோய் போன்ற இன்பம் மறுபடியும் தம்மை ஆட்கொண்டதாகவும், இரவெல்லாம் வேறெதிலும் சித்தம் செல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார். 1666 செப்டம்பரில் லண்டன் பற்றி எரிந்து, ஜனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தேம்ஸ் நதிப் படகுகளில் ஏற்றித் தப்பி ஓடியபோது, மூன்று படகுக்கு ஒன்று வீதம் விர்ஜினல் என்னும் தந்தி வாத்தியம் இருந்ததை அவர் கண் கவனித்தது. வீடு வேகும்போது அண்டையிலிருப்பவர் எந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்று பார்ப்பதற்குப் பாட்டுப் பைத்தியம் இருந்தாலல்லவோ முடியும்! அக்காலத்து லண்டன் குடும்பங்களில் சங்கீதம் எவ்வளவு பரவியிருந்தது என்று சொல்லவரும் ஆசிரியர்கள் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

சரித்திரத்தை அவர் புஸ்தகத்தில் மட்டும் படித்தவரல்லர். 1649-இல் பள்ளிக்கூடத்துப் பையனாக, முதலாம் சார்லஸ் மன்னனின் சிரச்சேதத்தைக் கூட்டத்தில் நின்று பார்த்தார். அன்று மன்னனுக்கு விரோதமாகத் தாம் பேசிய பேச்சு, மன்னனின் மகன் பட்டத்துக்கு வந்த பிறகு, பழைய பள்ளித் தோழன் ஒருவனின் ஞாபகத்தில் இருக்குமோ என்று நடுங்கினார். தாமஸ் ஃபுல்லர் எழுதிய இங்கிலாந்துப் பிரமுகர்களின் சரித்திரம் 1662-இல் வெளிவந்தபோது, அதில் தம் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்று மனம் நொந்தார். ஏழு வருஷம் கழித்து, தமது 36-ஆம் பிறந்தநாளில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பாடம்பண்ணியதுபோல் கிடந்த ஐந்தாம் ஹென்றியின் ராணி காதரீனின் உடலைக் கைகளில் தாங்கி, அதன் உதட்டில் முத்தமிட்டு, தாம் ஒரு ராணியை முத்தமிட்ட தினம் இது என்று பெருமையோடு குறித்துவைத்தார். அவள் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

தெருவில் காசுக்கு விற்ற பாட்டுத் தாள்களைக்கூட வீசிவிடாமல் 1,800-க்கு மேல் சேர்த்தவர் அவர். அவையும் நாட்குறிப்பின் ஆறு தொகுதிகளும் உள்ளிட்ட 3,000 நூல்கள், அவருடைய உயிலின்படி 1724-இல் கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரியை அடைந்தன. ஒரு நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பைப் பிரிக்கவே ஆளில்லை. பிறகு ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் 1819 முதல் 1822 வரை கண்ணைக் கெடுத்துக்கொண்டு அதன் சுருக்கெழுத்தை விடுவித்து எழுதினார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்பிக்கும் பாடப்புத்தகம், பீப்ஸ் சேர்த்து வைத்த அதே நூலகத்தில், ஸ்மித்துக்குத் தெரியாமல் அலமாரியில் இருந்தது.