கருந்துளைக்குள் எத்தனை காய்கள்?

கருந்துளை என்றதும் நம்மவர்க்குச் சந்திரசேகரின் நினைவு வருவது இயல்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அந்தப் பத்தொன்பது வயது இளைஞர், எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய விண்மீன் தாங்கக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று பயணத்திலேயே கணக்கிட்டார். அது விண்மீனின் மரணத்தைப் பற்றிய கதை. இங்கே நாம் காணப்போவது மரணத்திற்குப் பின் எழுந்த ஒரு வழக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் அந்த வழக்கில் தீர்ப்பு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

முதலில் பல்லாங்குழிக்கு வருவோம். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்தாக எழுபது காய்கள். பலகையின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, “உள்ளே மொத்தம் எழுபது காய்கள்” என்று மட்டும் உங்களிடம் சொல்கிறேன். எந்தக் குழியில் எத்தனை என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கக்கூடிய அமைப்புகள் எத்தனை வகை? எண்ணிப் பார்த்தால் ஐந்நூறு இலட்சம் கோடிக்கும் மேல் வருகிறது! வெளியே தெரிவது ஒரே ஓர் எண். அதன்பின் மறைந்து நிற்கும் வகைகளோ இத்தனை. இந்த எண்ணிக்கையின் மடக்கையைத்தான் பௌதிகத்தில் ‘என்ட்ரோபி’ என்கிறோம். பாடப் புத்தகங்கள் இதனை ‘ஒழுங்கின்மை’ என்று சொல்லிவிட்டுப் போகின்றன. மாணவரைக் குழப்புவதற்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. துணிக்கு அடியில் எத்தனை வகை என்பதுதான் கேள்வி.

உலகின் மொத்த என்ட்ரோபி ஒருபோதும் குறையாது என்பது வெப்பவியலின் இரண்டாம் விதி. இனி, சூடான தேநீர்க் கோப்பை ஒன்றைக் கருந்துளைக்குள் வீசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேநீருக்கு என்ட்ரோபி உண்டு. கருந்துளையோ, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளின்படி, எடை, சுழற்சி, மின்னேற்றம் என்னும் மூன்றைத் தவிர வேறு அடையாளம் எதுவும் இல்லாத பொருள். அப்படியானால் தேநீரின் என்ட்ரோபி எங்கே போயிற்று? விதி பொய்த்துவிட்டதா? பிரின்ஸ்டனில் ஜான் வீலர் என்னும் பேராசிரியர் தம் மாணவர் யாக்கோபு பெக்கன்ஸ்டைனிடம் இப்படித்தான் கேட்டார். பெக்கன்ஸ்டைன் 1972ஆம் ஆண்டில் துணிந்து ஒரு விடை சொன்னார்: கருந்துளைக்கும் என்ட்ரோபி உண்டு, அதன் எல்லைப் பரப்பே அதன் அளவு.

பலர் ஒப்பவில்லை. என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் பொருள் கதிர்வீச வேண்டும், எதையும் வெளியே விடாத கருந்துளை எப்படிக் கதிர்வீசும் என்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஸ்டீபன் ஹாக்கிங்கும் ஒருவர். அவரே 1974ஆம் ஆண்டில், குவாண்டம் விதிகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, கருந்துளை உண்மையிலேயே கதிர்வீசுகிறது என்று கண்டார். கதிரவன் அளவு எடையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் சுழியமும் இல்லை. என்ட்ரோபிக்கும் திட்டமான வாய்பாடு கிடைத்தது: பிளாங்கின் நுண் அலகுகளில் பரப்பை அளந்து, நான்கால் வகுக்க வேண்டும். அந்தக் கருந்துளையின் ஆரம் 3 கிலோமீட்டர்தான். அதன் என்ட்ரோபியோ 10இன் 77ஆம் படி. நம் கதிரவனுடையதைப்போல் பல கோடி கோடி மடங்கு.

வழக்கு இங்கேதான் சூடு பிடிக்கிறது. என்ட்ரோபி என்றால் எண்ணிக்கை என்றோமே, கருந்துளையில் எண்ணப்படுவது எது? காய்கள் எவை, குழிகள் எவை? இதற்குமேல் இன்னொரு சங்கடம். வெளிவரும் கதிரில் வெப்பநிலையைத் தவிர வேறு செய்தி இல்லை என்றார் ஹாக்கிங். கருந்துளை முழுவதும் ஆவியாகிவிட்டால், விழுந்தது தேநீரா, திருக்குறளா என்று எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு புத்தகத்தை எரித்தாலும், சாம்பலையும் புகையையும் ஒளியையும் முழுமையாக ஆராய முடிந்தால், கொள்கையளவில் எழுத்துகளை மீட்கலாம் என்பது குவாண்டம் பௌதிகத்தின் அடித்தளம். அந்த அடித்தளமே ஆட்டம் கண்டது.

காய்களைக் காட்ட முன்வந்தது இழைக் கொள்கை. பொருளின் நுண் கூறு புள்ளி அன்று, அதிரும் சிறு இழை என்பது அதன் அடிப்படை. அலகாபாத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய அசோக் சென் 1995ஆம் ஆண்டிலேயே ஒருவகைக் கருந்துளைக்கு இழையின் அதிர்வுகளை எண்ணி, பரப்புடன் பொருந்துவதைக் காட்டினார். ஆனால் அந்த ‘நான்கில் ஒன்று’ மட்டும் பிடிபடவில்லை. 1996ஆம் ஆண்டு ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் அதனைப் பிடித்தார்கள். இழைகளின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் ‘பிரேன்’ எனப்படும் பரப்புகளை அடுக்கி, அவற்றின்மேல் இழைகள் அமையக்கூடிய வகைகளை எண்ணினார்கள். ஈர்ப்பு வலுக்கும்போது அந்த அடுக்கே கருந்துளையாக மாறுகிறது. எண்ணி வந்த விடையும் பரப்பை நான்கால் வகுத்து வந்த விடையும் ஒன்றாக இருந்தன. இதை முதன்முறை படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே ஆண்டில், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்த சுமித் தாஸ், சமீர் மாத்தூருடன் சேர்ந்து, பிரேன்கள் கதிர்வீசும் வேகமும் ஹாக்கிங் கணக்குடன் பொருந்துவதைக் காட்டினார்.

இனிக் ‘கேஜ்’ கொள்கை. இச்சொல்லுக்குப் பொருள் அளவுகோல் என்பதே. முற்காலத்தில் ஊருக்கு ஒரு மரக்கால் இருந்ததல்லவா? எந்த மரக்காலால் அளந்தாலும் நெல் அதேதான். ஊர் விட்டு ஊர் போகும்போது கணக்கை மாற்றிக்கொள்ள ஒரு பட்டியல் வேண்டும், அவ்வளவே. ஒரு வணிகர் நான்கு ஊர் சுற்றித் தம் ஊருக்கே திரும்புகிறார். வழியில் பட்டியல்களின்படி மாற்றிக்கொண்டே வந்த கணக்கு, புறப்பட்டபோது இருந்த கணக்குடன் ஒட்டவில்லை என்றால், அந்த வேறுபாடு மரக்காலின் குற்றமன்று. வழியில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது. அந்த ‘ஏதோ’வைத்தான் பௌதிகத்தில் புலம் என்கிறோம். மின்காந்தப் புலம் இவ்வகையின் எளிய உதாரணம். அணுக்கருவைப் பிணைக்கும் விசை, 1954இல் யாங்கும் மில்ஸும் வகுத்த விரிந்த வகையைச் சேர்ந்தது.

பிரேன்களுக்கும் இதற்கும் என்ன உறவு? மூன்று பிரேன்கள் இருந்தால், ஓர் இழை எதில் தொடங்கி எதில் முடிகிறது என்பதற்கு 9 வகை உண்டு. ஒன்று தனியே பிரிந்துவிட, மீதி 8. குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களும் சரியாக எட்டு வகையே! ஆகவே பிரேன் அடுக்கை இரண்டு விதமாகப் பார்க்கலாம்: ஈர்ப்பின் பக்கமிருந்து பார்த்தால் கருந்துளை, இழைகளின் பக்கமிருந்து பார்த்தால் கேஜ் கொள்கை. 1997ஆம் ஆண்டு ஹுவான் மால்டசேனா, இவ்விரண்டும் ஒரே பொருளின் இரு வருணனைகள் என்றார். கருந்துளை என்பது, எல்லையில் வாழும் ஒரு கேஜ் கொள்கையின் சூடான குழம்பு. அக்குழம்பு சாதாரண குவாண்டம் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அதில் எந்தச் செய்தியும் அழிவதில்லை. ஆகவே கருந்துளையிலும் அழியக் கூடாது. ஹாக்கிங் 2004ஆம் ஆண்டு தம் பழைய கருத்தைக் கைவிட்டார். கதிருடன் செய்தி எப்படி வெளியேறுகிறது என்பதற்கு ஈர்ப்பின் பக்கமிருந்தே ஒரு கணக்கு 2019இல்தான் வந்தது.

“இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று என் அறை நண்பர் கேட்பார். அவர் பொறியியல் மாணவர். கேட்க உரிமை உள்ளவர். பாலத்துக்கும் பம்புக்கும் பயன் ஒன்றுமில்லை என்பேன். ஆனால் ஒன்று சொல்லலாம். கருந்துளைக் கணக்கைக் கொண்டு அந்தக் குழம்பின் பாகுநிலையை 2001இல் கணித்தார்கள். மிகச் சிறிய எண் வந்தது. 2005ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டுக் கிடைத்த குவார்க் குழம்பு, வாயுவைப்போலன்றி, ஏறக்குறைய அதே அளவு வழவழப்புடன் ஓடும் திரவம் என்று அறிவித்தார்கள். இரண்டும் ஒரே கொள்கையல்ல; ஆகவே இதை நிரூபணம் என்று கூறமாட்டேன். சில ஆண்டுகளில் டாட்டா நிலையத்தின் ஷிராஸ் மின்வாலாவும் கூட்டாளிகளும், கருந்துளையின் எல்லை மெல்ல அசையும்போது ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் திரவ ஓட்டத்தின் சமன்பாடுகளாகவே மாறுவதைக் காட்டினர். அன்றிலிருந்து என் நண்பர் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிறார். திரவ ஓட்டம் அவருடைய பாடம்!

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் எண்ணியது ஐந்து பரிமாண உலகத்தில், மின்னேற்றம் நிறைந்த, கதிரே வீசாத ஒரு கருந்துளையை. மால்டசேனாவின் உலகமும் நம்முடையதைப்போல் விரிவடைவதன்று. நம் பால்வழியின் நடுவே, 43 இலட்சம் கதிரவன்களின் எடையுடன் ஒரு கருந்துளை இருக்கிறது. 2022ஆம் ஆண்டு அதன் நிழலின் படமும் வெளியாயிற்று. அதன் பரப்பை அளந்து நான்கால் வகுக்க நம் முதலாண்டு மாணவராலும் முடியும். துணியை விலக்கி, உள்ளே இருக்கும் காய்களை எண்ணிக் காட்டியவர் இன்னும் ஒருவரும் இல்லை.